நிபுணர் குழுவில் நானும் இருந்தேன்

கைடு படித்துத்தான் கல்லூரிக்குப் போனேன். பொறியியல் கல்லூரியில் பாடம் எடுப்பவள் என்பதால் பள்ளி ஆண்டு விழாக்களுக்குக் கூப்பிடுவார்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும், "கைடை நம்பாதீங்க பிள்ளைகளா, பாடப்புத்தகத்தை வரி விடாமல் படிங்க" என்று நானும் சொல்லிவிட்டு, பொன்னாடையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். முன்வரிசை ஆசிரியர்கள் தலையாட்டுவார்கள். அவர்களுடைய மேசை டிராயரில் என்ன இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அக்கா மகள் இந்த வருடம் நீட் எழுதுகிறாள். அவள் மேசையில் அடுக்கியிருந்ததைப் பார்த்த பிறகு, மேடையில் சொல்வதை வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. அவளிடம் பேசியதில் பாதி என் சொந்தக் கதை. அதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

நான் பிளஸ் டூ முடித்தது 1997-ல், திண்டுக்கல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில். அப்போது தொழிற்கல்விக்கு மாநில அளவில் தனி நுழைவுத் தேர்வு உண்டு. 1984-ல் வந்தது, அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. பொறியியலுக்கு மொத்தம் 300 மதிப்பெண். பிளஸ் டூ கணக்குத் தேர்வின் 200-ஐ 100 ஆகச் சுருக்குவார்கள்; இயற்பியலையும் வேதியியலையும் தலா 50 ஆக்குவார்கள்; மிச்சம் 100 நுழைவுத் தேர்வுக்கு. முதல் 200-க்குப் பள்ளி பொறுப்பு. கடைசி 100-க்கு யாரும் பொறுப்பில்லை. எங்கள் இயற்பியல் ஆசிரியர் நல்லவர், ஆனால் அவருக்கும் வேலை பொதுத்தேர்வோடு முடிந்துவிடும். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை பத்து மார்க், எத்தனை ஐந்து மார்க் வரும் என்று ப்ளூ பிரிண்ட் இருந்தது. அதை வைத்து எதைப் படிக்கலாம், எதை 'சாய்ஸில் விடலாம்' என்று சொல்லிக்கொடுத்தார். சாய்ஸில் விட்ட பாடங்களிலிருந்தும் நுழைவுத் தேர்வில் கேள்வி வரும் என்பது எங்களுக்கு மார்ச் கடைசியில்தான் உறைத்தது. மதுரைக்கோ திருச்சிக்கோ போய்த் தங்கி ஒரு மாதக் கோச்சிங்கில் சேர வசதி இருந்தவர்கள் மறுநாளே பெட்டியைக் கட்டினார்கள்.

அப்பா பஸ் கண்டக்டர். மதுரை டிரிப். மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் புது மண்டபம் அப்போது முழுக்கக் கடைகள்தான். திருமலை நாயக்கர் கட்டிய தூண்களுக்கு நடுவே தையல் மிஷின், பாத்திரம், கண்ணாடி வளையல், அவற்றோடு புத்தகக் கடைகள். (இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.) அப்பா அங்கே போய் "பிள்ளைக்கு என்ட்ரன்ஸ் கைடு வேணும்" என்றிருக்கிறார். "மெடிக்கலா, இன்ஜினியரிங்கா?" என்று கேட்டிருக்கிறார் கடைக்காரர். அப்பாவுக்கு அது தெரியாது. "ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு குடுங்க" என்று சொல்லி வாங்கி வந்துவிட்டார். இயற்பியலும் வேதியியலும் இரண்டுக்கும் பொதுதான் என்பதால் அவர் கேட்டது ஒன்றும் தப்பில்லை.

வந்தது பழைய கைடு. அட்டை பாதி இல்லை. அதுகூடப் பரவாயில்லை, முன்னால் வைத்திருந்த புண்ணியவான் எல்லாக் கேள்விக்கும் சரியான விடையைப் பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டுவைத்திருந்தார். பக்கத்தைத் திருப்பினாலே விடைதான் முதலில் கண்ணில் படும். போட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. ஆத்திரமாக வந்தது. வேறு கைடு வாங்கக் காசு கேட்கவும் மனசு இல்லை.

வேறு வழி இல்லாமல் ஒரு விளையாட்டு தொடங்கியது. விடைதான் தெரிந்துவிட்டதே, மற்ற மூன்றும் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. ஒரு கதிரியக்கப் பொருளின் அரை ஆயுட்காலம் 10 நாள். 30 நாள் கழித்து எஞ்சியிருக்கும் பங்கு எவ்வளவு? கொடுத்திருந்தவை 1/3, 1/6, 1/8, 7/8. வட்டம் 1/8-ல். பத்து நாளில் பாதி, அடுத்த பத்தில் பாதியில் பாதி, அதற்கடுத்த பத்தில் அதிலும் பாதி, சரி. 1/3 யாருக்காக? 10-ஐ 30-ஆல் வகுத்துவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடுபவனுக்காக. 1/6? பாதி என்பது மூன்று தடவை என்று புரிந்துகொண்டு, பெருக்கும்போது இரண்டை மூன்றால் பெருக்கிவிட்டவளுக்காக. 7/8-தான் பொல்லாதது. கணக்கைச் சுத்தமாகப் போட்டு, எஞ்சியதைக் கேட்டார்களா சிதைந்ததைக் கேட்டார்களா என்று கேள்வியைத் திரும்பப் பார்க்காதவளுக்காக அதை வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் நான்தான். பள்ளித் தேர்வில் இந்தத் தப்பைச் செய்தால் வழிமுறைக்கு மார்க் போட்டுவிடுவார்கள். இங்கே அந்தத் தப்புக்கு ஒரு கட்டமே ஒதுக்கி, பென்சிலோடு வா என்று காத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு அந்தக் கைடு எனக்கு வேறு புத்தகமாகிவிட்டது. தப்பான மூன்று விடைகளில் குறைந்தது ஒன்றாவது, பாடத்தை அரைகுறையாகப் படித்தவர் எங்கே சறுக்குவார் என்பதை அப்படியே காட்டியது. எங்கள் ஊரில் கிடைத்த நுழைவுத் தேர்வு கைடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. உந்தம், நிலைமம், திருப்புத்திறன் என்று படித்தவள், ஓரத்தில் பென்சிலால் தமிழ்ச் சொல்லை எழுதிக்கொண்டே போனேன். பாதி நேரம் இதிலேயே போயிற்று. சில சறுக்கல்களுக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியாமல் பாடப்புத்தகத்தை எடுத்தேன், சாய்ஸில் விட்ட பாடங்களைக்கூட. கைடு என்னைப் பாடப்புத்தகத்துக்கு அனுப்பிவைத்தது என்றால் மேடையில் நம்ப மாட்டார்கள்.

பெரிய ரேங்க் ஒன்றும் இல்லை. கோவையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது, போதும்.

கதையின் அடுத்த பகுதி கோவை விடுதியில். இரண்டாம் ஆண்டில் சீனியர் அக்கா ஒருவர் வந்து, "தமிழ் மீடியமா நீ? ஒரு வேலை இருக்கு, வர்றியா?" என்றார். டவுன்ஹால் பக்கம் ஒரு மாடியில் பதிப்பகம். நுழைவுத் தேர்வு கைடுக்குத் தமிழ்ப் பதிப்பு போடுகிறார்கள். ஆங்கிலக் கேள்வியைத் தமிழில் எழுத வேண்டும், கூடவே தீர்வும். கேள்விக்கு ஒன்றரை ரூபாய். விடுதியில் மெஸ் பில் ஏறிக்கொண்டிருந்த நேரம். நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம். ஒருத்தி சிவில், ஒருத்தி டெக்ஸ்டைல், நான் எலக்ட்ரிகல். அட்டையில் 'அனுபவம் மிக்க நிபுணர் குழுவால் தயாரிக்கப்பட்டது' என்று அச்சாகி வந்தபோது அறையே சிரிப்பில் உருண்டது.

விடைப் பட்டியலைப் பதிப்பகமே கொடுத்துவிடும். அந்த விடைக்கு வழி எழுதுவதுதான் எங்கள் வேலை. இதில் என்ன நடக்கும் என்பது உள்ளே உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கேள்வி: மின்னேற்றம் செய்யப்பட்ட மின்தேக்கியின் தகடுகளுக்கு இடையே, மாறிலி 2 கொண்ட மின்காப்புப் பொருளை நுழைத்தால் அதில் சேமிக்கப்பட்ட ஆற்றல் என்னவாகும்? பாதியாகும், இரண்டு மடங்காகும், இரண்டுமே விடைகளில் இருந்தன. மின்கலத்தைக் கழற்றிவிட்டு நுழைத்தால் மின்னேற்றம் மாறாது, ஆற்றல் பாதியாகும். மின்கலம் இணைப்பிலேயே இருந்தால் மின்னழுத்தம் மாறாது, ஆற்றல் இரண்டு மடங்காகும். மின்கலம் இருக்கிறதா இல்லையா என்று கேள்வியில் ஒரு வார்த்தை இல்லை. நான் என்ன செய்தேன்? பட்டியலைப் பார்த்தேன். 'பாதி' என்று இருந்தது. 'மின்னேற்றம் மாறாது என்பதால்' என்று ஆரம்பித்து எழுதி முடித்தேன். பட்டியலில் 'இரண்டு மடங்கு' என்று இருந்திருந்தால் 'மின்னழுத்தம் மாறாது என்பதால்' என்று அதே கையெழுத்தில், அதே உறுதியோடு எழுதியிருப்பேன்.

இன்னும் சங்கடமானவையும் உண்டு. எத்தனை முறை போட்டாலும் பட்டியலில் உள்ள விடை வராது. மணி பதினொன்று ஆகும். சூத்திரத்தை எழுதுவோம், எண்களைப் பிரதியிடுவோம், அடுத்த வரியில் 'சுருக்கினால் கிடைப்பது' என்று போட்டு அவர்கள் கொடுத்த விடையை எழுதிவிடுவோம். ஒன்றரை ரூபாய். இன்றும் எந்தக் கைடைத் திறந்தாலும் 'சுருக்கினால்', 'எளிதில் பெறலாம்' என்று வரும் இடத்தில் என் விரல் நின்றுவிடும். நிஜமாகவே சுருங்குகிறதா, இல்லை அங்கே தூக்கக் கலக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறதா என்று போட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இல்லாத இடத்தில் என் பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி இருக்கும்.

அந்தக் கைடில் இன்னொன்றும் நடந்தது. படம் உள்ள ஒரு கேள்வியை, படம் வரைந்து தர ஆள் கிடைக்கவில்லை என்று கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். கேள்விகளுக்கு வரிசை எண் மாற்றினார்கள், விடைப் பட்டியலுக்கு மாற்றவில்லை. அந்த இடத்திலிருந்து அத்தியாயம் முடியும்வரை ஒவ்வொரு கேள்விக்கும் அதற்கு முந்தைய கேள்வியின் விடை. லீவில் ஊருக்குப் போனபோது, எங்கள் பள்ளியில் எனக்கு இரண்டு செட் கீழே படித்த பெண் ஒருத்தி அந்தக் கைடோடு சந்தேகம் கேட்க வந்தாள். அத்தியாயத்தின் பின்பாதி முழுக்க அடித்தல் திருத்தல். பென்சிலில் அவள் குறித்ததை ரப்பரால் அழித்திருந்தாலும் தடம் தெரிந்தது. எல்லாம் சரியான விடைகள். அதற்கு மேலே பேனாவால் தப்பானவற்றை எழுதியிருந்தாள். "நான் முதல்ல போட்டது வேறக்கா. கைடுல பார்த்து மாத்திட்டேன்" என்றாள். பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி, பட்டியல்தான் தப்பு என்று புரியவைத்தேன். அதைத் தயாரித்த நிபுணர் குழுவில் நானும் ஒருத்தி என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு என் மேல் மரியாதை கூடியிருக்கும். அது இன்னும் மோசம்.

கைடு என்றாலே கேவலமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உரை இல்லாமல் குறளைப் படித்த தலைமுறை நம்மில் எது? பரிமேலழகர் தொடங்கி உரையாசிரியர்களின் கையைப் பிடித்துத்தான் எல்லாரும் நடந்திருக்கிறோம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய கோனார் தமிழ் உரைக்குப் பின்னால், திருச்சி புனித வளனார் கல்லூரியில் தமிழ் கற்பித்த ஐயம்பெருமாள் கோனார் என்ற பேராசிரியர் இருந்தார். தன் பெயரைப் போட்டு எழுதினார். பழைய உரையாசிரியர்களும் அப்படித்தான். இன்னார் இப்படிச் சொல்வார், அது பொருந்தாது, ஏனென்றால் என்று தகராறு செய்வார்கள். எனக்குக் குறையாகத் தெரிவது அந்தத் தகராறு இல்லாமல் போனதுதான். எங்கள் மூன்று பேருக்கும் பெயர் இல்லை. சந்தேகத்தைச் சொல்ல இடம் இல்லை. 'இந்தக் கேள்வியிலேயே ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கிறது' என்று ஒரு வரி எழுத அனுமதி இருந்திருந்தால், அந்த மின்தேக்கிக் கேள்விதான் கைடிலேயே நல்ல பக்கமாக இருந்திருக்கும்.

அந்த நுழைவுத் தேர்வு இப்போது இல்லை. கிராமத்துப் பிள்ளைகளும் தமிழ் வழிப் பிள்ளைகளும் கோச்சிங் இல்லாமல் பின்தங்குகிறார்கள் என்ற பேச்சு வெகுநாளாக இருந்தது. 2006-ல் அரசு அமைத்த, மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு அதைக் கைவிடலாம் என்றது. சட்டம் வந்து 2007 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது. சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கைடு ஒழியவில்லை, பொதுத்தேர்வு பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்தது. 'புக் பேக்' கேள்விகள் போதும், பிளஸ் ஒன் பாடமே வேண்டாம் என்று இரண்டு வருடமும் பிளஸ் டூ-வையே உருப்போட வைத்த தனியார் பள்ளிகளை ஊர் முழுக்கத் தெரியும். 2017-ல் நீட் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அதில் பிளஸ் ஒன் பாடத்துக்கும் சமமான பங்கு உண்டு என்றபோது, தாண்டிவிட்ட பாடங்களைத் தேடிப் பிள்ளைகள் ஓடினார்கள். அந்தக் கல்வியாண்டில்தான் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2021-ல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு அரசிடம் கொடுத்த அறிக்கையிலும், திரும்பத் திரும்ப எழுதுபவர்களுக்கும் கோச்சிங் போகிறவர்களுக்கும்தான் இந்தத் தேர்வு வாகாக இருக்கிறது என்ற கவலை இருக்கிறது. எங்கள் காலத்தில் ஒரு மாதமாக இருந்த கோச்சிங் இப்போது இரண்டு மூன்று வருடமாகிவிட்டது.

அக்கா மகளின் மேசைக்கு வருகிறேன். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள், கோச்சிங் சென்டர் மாட்யூல், முந்தைய ஆண்டு வினாக்கள், ஒரே பாடத்துக்கு நான்கு கைடு. எச்.சி. வர்மாவின் இயற்பியல் புத்தகமும் இருந்தது, சந்தோஷப்பட்டேன். அவர் பயிற்சிக் கணக்குகளுக்கு விடையை மட்டும்தான் கொடுத்திருப்பார், வழியை நாம்தான் தேட வேண்டும். அடியில் பார்த்தால் அந்தப் புத்தகத்துக்கே ஒரு தீர்வுக் கைடு வைத்திருக்கிறாள். யாரோ ஒரு நிபுணர் குழு.

ஒரே பாடத்துக்கு இருந்த நான்கில் மூன்றைத் தூக்கிப் பரணில் போடச் சொன்னேன். எல்லாவற்றிலும் அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. பிறகு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். உயிரியலில் இது இன்னும் நன்றாக வேலை செய்கிறது. குன்றல் பிரிவில் குறுக்கே கலத்தல் எந்த நிலையில் நடக்கிறது என்று ஒரு கேள்வி. விடை பாக்கிடீன். தப்பான விடைகள் சைகோடீன், டிப்ளோடீன், இரண்டும் அக்கம்பக்கத்து வீடுகள். சைகோடீனில் குரோமோசோம்கள் ஜோடி சேர்கின்றன. டிப்ளோடீனில் கயாஸ்மாக்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு கேள்விக்குள் மூன்று கேள்வி அடங்கிவிடுகிறது. 'பாக்கிடீன்' என்று மட்டும் மனப்பாடம் செய்தவள், அடுத்த முறை கயாஸ்மாவைக் கேட்டால் திரும்பவும் பாக்கிடீனில் போய் நிற்பாள்.

"தெரியலைன்னா விட்டுடணுமா, குத்துமதிப்பாப் போடலாமா சித்தி?" என்று கேட்டாள். எல்லாப் பிள்ளைகளும் கேட்பதுதான். நீட்டில் சரியென்றால் 4, தப்பென்றால் 1 குறையும். நான்கு கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. 4-ல் 3 போக 1. அதிர்ஷ்டம் கொஞ்சம் முகம் சுளித்தால் அதுவும் போச்சு. நான்கிலும் தலா இரண்டு விடைகளைத் தள்ளிவிட முடிந்தால் சராசரியாக இரண்டு சரி, இரண்டு தப்பு. 8-ல் 2 போக 6. தப்பு விடைகளை முகம் பார்த்து அடையாளம் தெரிந்தவளுக்குக் குத்துமதிப்பிலும் காசு கிடைக்கும். இதை ஒரு தாளில் எழுதி அவளே இரண்டு முறை கூட்டிப் பார்த்துக்கொண்டாள். நான் சொன்னதை அப்படியே நம்பவில்லை என்பதில் எனக்குத் திருப்தி.

கைடில் விடையைப் பார்க்கும் முன் உன் விடையைப் பேனாவால் எழுதிவிடு, பென்சில் வேண்டாம் என்றேன். ஊர்ப்பெண்ணின் ரப்பர் தடம் எனக்கு மறக்கவில்லை. விடை மாறுபட்டால் உடனே திருத்தாதே, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு என்.சி.இ.ஆர்.டி.-யைப் பார், அங்கே நீ சொன்னதுதான் சரி என்றால் கைடில் அதன் மேல் கோடு போட்டுத் தள்ளு, பாவம் பார்க்காதே என்றேன்.

அவள் கேட்டுவிட்டுக் கணக்குப் போட்டாள். "சித்தி, நீங்க சொல்ற மாதிரி ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் காரணம் தேடினா ஒரு நாளைக்கு இருபது கேள்விதான் முடியும். எங்களுக்கு 180 கேள்வி, 180 நிமிஷம். டெஸ்ட் சீரிஸே தலைக்கு மேல இருக்கு."

அவள் சொல்வது நியாயம். எனக்கு அந்தக் கோடையில் ஒரே ஒரு கிழிந்த கைடுதான் இருந்தது, நேரம் நிறைய இருந்தது. இவளுக்கு எல்லாம் தலைகீழ். சரி, தப்பாகப் போனதுக்கு மட்டும் பண்ணு என்று இறங்கி வந்தேன். ஒத்துக்கொண்டாள்.

"குத்துமதிப்பாப் போட்டுச் சரியானதுக்கும் பண்ணணும்."

"அதெல்லாம் எதுன்னு எனக்கு மட்டும்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு மாட்யூலைத் திறந்துகொண்டாள்.